21, 22 புள்ளி வாங்கிய பிள்ளை: பி.ஜி. 2 வழியா, பி.ஜி. 3 வழியா?

சிங்கப்பூரில் நவம்பர் கடைசியில் தொடக்கநிலை 6 மாணவர்களின் பிஎஸ்எல்இ தேர்வு முடிவு வெளியானதும், பெரும்பாலான பெற்றோருக்குப் பள்ளிகளை வரிசைப்படுத்துவது ஒன்றுதான் வேலை. நான்கு பாடங்களின் ஏஎல் எனும் அடைவுநிலைகளைக் கூட்டினால் வருவதுதான் புள்ளி; ஏஎல் 1தான் மிக நல்லது, ஆகவே குறைந்த புள்ளியே நல்லது. 20 புள்ளி வரை வாங்கிய பிள்ளைக்கு பி.ஜி. 3, அதாவது போஸ்டிங் குரூப் 3. 23 அல்லது 24 வாங்கியவருக்கு பி.ஜி. 2. 26 முதல் 30 வரை, ஆங்கிலத்திலும் கணிதத்திலும் குறைந்தது ஏஎல் 7 இருந்தால், பி.ஜி. 1. இந்த எல்லைகளுக்கு நடுவே நிற்பவர்கள் 21, 22 வாங்கியவர்களும் 25 வாங்கியவர்களும். இவர்களிடம் மட்டும் படிவம் கூடுதலாக ஒன்றைக் கேட்கிறது: இரண்டு போஸ்டிங் குரூப்பில் எது வேண்டும்? யோசிக்கக் கிடைப்பது ஒரு வாரத்தை ஒட்டிய அவகாசம்.

அந்த ஒரு வாரத்தில் வீட்டில் அதிகம் கேட்கும் வாக்கியம், "எக்ஸ்பிரஸ் கிடைக்கிறப்போ ஏன் விடணும்?" இப்போது சேருபவர்களுக்கு எக்ஸ்பிரஸ் என்ற விரைவுநிலைப் பிரிவே இல்லை. 1979ஆம் ஆண்டு கோ கெங் சுவீ அறிக்கையின் தொடர்ச்சியாக உயர்நிலைப் பள்ளிகளுக்குள் வந்த தரம்பிரிப்பு, 1994இல் எக்ஸ்பிரஸுக்கு அடுத்த வழக்கநிலை (நார்மல்) பிரிவை ஏட்டுக்கல்வி, தொழில்நுட்பம் என்று இரண்டாக உடைத்தது. 2019 மார்ச்சில் அப்போதைய கல்வி அமைச்சர் ஓங் யி காங் நாடாளுமன்றத்தில் அதற்கு முடிவு அறிவித்தார். 2020இல் 28 பள்ளிகளில் முன்னோட்டம் தொடங்கியது. 2024இல் உயர்நிலை 1க்கு வந்தவர்களிலிருந்து அந்த மூன்று பிரிவுகளும் போய்விட்டன. இப்போது இருப்பது முழுமையான பாட அடிப்படையிலான வகைப்பாட்டு முறை. ஒவ்வொரு பாடத்தையும் ஜி1, ஜி2, ஜி3 என்ற மூன்று நிலைகளில் (ஜி3தான் கடினமானது) ஒன்றில் படிக்கலாம். ஒரே பிள்ளை ஆங்கிலத்தை ஜி3இலும் கணிதத்தை ஜி2இலும் படிப்பது இன்று சாதாரணம். ஆனால் பிரிவு போனாலும் சொல் போகவில்லை. தீபாவளிக்கு வந்த சொந்தக்காரர்கள் இன்னும் சில ஆண்டுகள் அதையே கேட்பார்கள்.

போஸ்டிங் குரூப் என்பது பள்ளியில் இடம் ஒதுக்கவும், முதல் ஆண்டில் பாடங்களை எந்த நிலையில் தொடங்குவது என்று முடிவு செய்யவும் பயன்படும் ஓர் எண். உள்ளே போன பிறகு மூன்று குரூப்பிலிருந்தும் வந்த பிள்ளைகள் ஒரே வகுப்பில் கலந்து உட்காருகிறார்கள். ஓவியம், இசை, உடற்கல்வி, வடிவமைப்பும் தொழில்நுட்பமும், உணவுக் கல்வி, நற்குணமும் குடிமைக் கல்வியும் ஆகிய ஆறையும் சேர்ந்தே படிக்கிறார்கள். பாட நேரத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு இதற்குப் போகிறது. ஆங்கிலம், கணிதம், அறிவியல், தாய்மொழி போன்றவற்றுக்கு மட்டும் நிலைவாரியாகப் பிரிந்து வேறு வகுப்பறைக்குப் போவார்கள். எனவே "பி.ஜி. 2இல் சேர்த்துவிட்டு அடுத்த ஆண்டு பி.ஜி. 3க்கு மாற்றலாம்" என்ற பேச்சுக்கே பொருள் இல்லை. மாறுவது பாடத்தின் நிலை மட்டுமே.

இப்போது விஷயத்துக்கு வருவோம். 21, 22 என்ற மொத்தத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, அது எந்த நான்கு ஏஎல்-களால் ஆனது என்று பாருங்கள். முடிவு அங்கேதான் இருக்கிறது.

பி.ஜி. 2 வழியாகப் போகும் பிள்ளை எல்லாப் பாடத்தையும் ஜி2இல்தான் தொடங்க வேண்டும் என்பதில்லை. வழக்கமான நிலையில் (எளிதான அடிப்படை நிலையில் அல்ல) எழுதிய பாடத்தில் ஏஎல் 5 அல்லது அதைவிட நல்ல தரம் வாங்கியிருந்தால், அந்தப் பாடத்தை உயர்நிலை 1இலேயே ஜி3இல் எடுக்கலாம். ஆங்கிலம், கணிதம், அறிவியல், தாய்மொழி நான்குக்கும் இது பொருந்தும். ஏஎல் 5 என்றால் 65 முதல் 74 மதிப்பெண்.

5, 5, 5, 6 என்று வாங்கி 21 எடுத்த பிள்ளையை எடுத்துக்கொள்வோம். பி.ஜி. 2 வழியில் போனால் மூன்று பாடம் ஜி3, ஒன்று ஜி2. பி.ஜி. 3 வழியில் போனால் நான்கும் ஜி3. நான்கு பாடங்களைப் பொறுத்தவரை வித்தியாசம் ஒரே ஒரு பாடம். அதோடு, பி.ஜி. 2இல் வரலாறு, புவியியல், இலக்கியம் ஆகியவை முதல் ஆண்டில் ஜி2இல் இருக்கும். அவற்றை உயர்த்தும் வாய்ப்பு உயர்நிலை 2இலிருந்து வரும்.

அதே 21ஐ 3, 6, 6, 6 என்று வாங்கியவர் நிலைமை முற்றிலும் வேறு. தமிழில் ஏஎல் 3, மற்ற மூன்றிலும் 6 என்று வைத்துக்கொள்ளுங்கள். தமிழ் தாங்கிப் பிடித்த 21 இது. நம் வீடுகளில் அபூர்வமும் இல்லை. பி.ஜி. 2இல் இந்தப் பிள்ளைக்கு ஜி3 ஒன்றுதான், அதுவும் தமிழ். பி.ஜி. 3இல் போனால் ஆங்கிலம், கணிதம், அறிவியல் மூன்றும் முதல் நாளிலிருந்தே ஜி3. மொத்தம் ஒன்று, ஆனால் முன்னவருக்கும் இவருக்கும் இடையில் இருக்கும் தூரம் பெரியது.

இங்கே ஒரு முரண் இருக்கிறது. பலரும் இதைக் கவனிப்பதில்லை. கணிதத்தில் ஏஎல் 6 வாங்கிய பிள்ளை பி.ஜி. 2 வாசலில் நின்றால், "ஜி3 கணிதத்துக்கு ஏஎல் 5 வேண்டும்" என்று சொல்கிறார்கள். அதே பிள்ளை அதே ஏஎல் 6ஐ வைத்துக்கொண்டு பி.ஜி. 3 வாசலில் நுழைந்தால், கேள்வி இல்லாமல் ஜி3 கணிதம் கிடைக்கிறது. தாங்கும் என்று அமைச்சு எதிர்பார்க்கும் அளவு ஏஎல் 5 என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம். பி.ஜி. 3ஐத் தேர்ந்தெடுப்பவர், ஏஎல் 6 வாங்கிய ஒவ்வொரு பாடத்திலும் அந்த அளவுக்குக் கீழே நின்றுகொண்டு தொடங்குகிறார்.

எவ்வளவு கீழே? அதைத்தான் முடிவுத் தாள் காட்டாது. ஏஎல் 6 என்பது 45 முதல் 64 வரை. இருபது மதிப்பெண் அகலம். 63 வாங்கியவரும் 46 வாங்கியவரும் ஒரே எண்ணைச் சுமக்கிறார்கள். 63 வாங்கிய பிள்ளை ஜி3 வகுப்பில் கொஞ்சம் திணறிப் பிறகு நிமிர்ந்துவிடும். 46 வாங்கிய பிள்ளைக்குப் பின்னத்திலும் விகிதத்திலும் ஓட்டை இருக்கும். உயர்நிலை 1இல் இயற்கணிதம் வேகமெடுக்கும்போது அந்த ஓட்டைகளை அடைக்க ஆசிரியருக்கு நேரம் இருக்காது. பிஎஸ்எல்இ மதிப்பெண் தெரியாது என்பதால், தொடக்கநிலை 6இன் பிரிலிம் தாள்களை வெளியே எடுங்கள். பல பள்ளிகளின் பிரிலிம் கொஞ்சம் கடினமாகவே இருக்கும், அதைக் கணக்கில் வையுங்கள். மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்க்காதீர்கள். கணிதத்தில் கடைசிப் பக்கங்களின் நீண்ட கணக்குகளில்தான் மதிப்பெண் போயிருக்கிறது, முன்பகுதி சுத்தமாக இருக்கிறது என்றால் அடிப்படை உறுதி. முன்பகுதியிலேயே சிதறியிருந்தால் ஜி2இல் தொடங்குவது நல்லது.

ஏஎல் 6 எந்தப் பாடத்தில் என்பதும் அதே அளவு முக்கியம். கணிதத்தில் ஏஎல் 6 கணிதத்தோடு நிற்கும்; கொஞ்சம் அறிவியலையும் தொடும். ஆங்கிலத்தில் ஏஎல் 6 அப்படியல்ல. வரலாற்றில் ஆதாரங்களைப் படித்து வாதம் எழுதுவது, அறிவியலில் 'ஏன்' என்று விளக்குவது, இலக்கியம் எல்லாமே ஆங்கிலத்தில்தான் நடக்கும். ஆங்கிலம் 50க்குக் கீழே என்று பிரிலிம் சொன்னால், பி.ஜி. 3 வழியில் எல்லாவற்றையும் ஜி3இல் தொடங்குவது ஒரு பாடத்தின் பாரம் இல்லை, ஆறு பாடத்தின் பாரம். அந்த நிலையில் பி.ஜி. 2தான் சரி என்பது எங்கள் கருத்து. ஏஎல் 6 தமிழில் மட்டும் என்றால், அந்த ஒன்றுக்காக பி.ஜி. 3ஐ விட வேண்டாம்.

இனி, பின்னால் திறக்கும் கதவுகள். 2024இல் சேர்ந்தவர்கள் 2027இல் ஓ (O) நிலை, என் (N) நிலைத் தேர்வுகள் இரண்டுக்கும் பதிலாக சிங்கப்பூர்-கேம்பிரிட்ஜ் உயர்நிலைக் கல்விச் சான்றிதழ்த் தேர்வை எழுதும் முதல் அணி. ஜி1, ஜி2, ஜி3 எதுவானாலும் ஒரே சான்றிதழ், பாடத்துக்கு எதிரே நிலை குறிக்கப்பட்டிருக்கும். ஆங்கிலம், தாய்மொழி எழுத்துத் தாள்கள் செப்டம்பருக்கு வருகின்றன.

தொடக்கக் கல்லூரிக்கு 2028 சேர்க்கையிலிருந்து ஐந்து பாடங்கள் கணக்கிடப்படும்: ஒரு மொழி, அதோடு நான்கு பாடங்கள். முன்பு ஆறு பாடங்களுக்கு 20 புள்ளி வரம்பு. இனி ஐந்துக்கு 16. ஐந்தும் ஜி3. சராசரியாகப் பாடத்துக்கு 3 புள்ளியை ஒட்டி வர வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பி.ஜி. 2இல் மூன்று ஜி3ஓடு தொடங்கும் பிள்ளை, உயர்நிலை 3க்குள் இன்னும் இரண்டு பாடத்தை மேலே ஏற்ற வேண்டும். ஏற்றிய பிறகு அவற்றில் நல்ல தரமும் வாங்க வேண்டும். முடியாதது அல்ல, ஆனால் இறுக்கமானது. தொடக்கக் கல்லூரிதான் இலக்கு என்று பிள்ளையே சொன்னால், ஏஎல் 6 பாடங்கள் 60ஐ ஒட்டி இருந்தால், பி.ஜி. 3ஐ எடுங்கள்.

பலதுறைத் தொழிற்கல்லூரிக்குக் கணக்கு வேறு. 2028 சேர்க்கையிலிருந்து முதலாம் ஆண்டுக்குக் கணக்கிடும் ஐந்து பாடங்களில் நான்கு ஜி3இல் இருந்தால் போதும். ஐந்தாவது ஜி2ஆகவும் இருக்கலாம். 5, 5, 5, 6 பிள்ளையை இங்கே மறுபடி நிறுத்துங்கள். ஜி3இல் மூன்று பாடம் ஏற்கெனவே கையில். உயர்நிலை 2இலோ 3இலோ ஒரு மானுடவியல் பாடத்தையோ (வரலாறு, புவியியல், இலக்கியம் போன்றவை) கணக்கியலையோ ஜி3இல் சேர்த்தால் நான்கு ஆகிவிட்டது. பி.ஜி. 3இல் போன தோழனும் இவரும் ஒரே கதவில் வந்து நிற்பார்கள். ஓர் எச்சரிக்கை: அந்த ஜி2 பாடம் ஆங்கிலமாக இருக்கக்கூடாது. ஆங்கிலம் தனி இடத்தில் கணக்கிடப்படும். அது ஜி3 ஆக வேண்டும்.

ஜி2இலேயே பெரும்பாலும் நிற்கும் பிள்ளைக்கும் பலதுறைக்கு வழி இருக்கிறது. அடித்தளப் படிப்பு என்று ஓராண்டு. அதை முடித்து நேராகப் பட்டயப் படிப்பின் முதலாம் ஆண்டுக்கு. என் (N) நிலைக் காலத்தில் இதற்கு ஆங்கிலம், கணிதம், மேலும் மூன்று பாடங்களைச் சேர்த்து 12 புள்ளிக்குள் வர வேண்டும் என்பது வரம்பு. இதைக் குறுக்குவழி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பாடத்துக்கு சராசரியாக 2.4 புள்ளி என்பது ஜி2 வகுப்பின் மேல்தட்டு. ஆனால் ஜி3இல் இழுத்துப் பறித்து நடுவில் நிற்பதைவிட ஜி2இல் முன்னணியில் நிற்பது சில பிள்ளைகளுக்கு எளிது. தொழில்நுட்பக் கல்விக் கழகத்தின் ஹையர் நைடெக் சான்றிதழ்ப் படிப்பு வழியாகவும் பலதுறைக்குப் போகலாம்.

ஏறுவதா, இறங்குவதா என்ற கேள்வியும் இருக்கிறது. பி.ஜி. 3இல் தொடங்கியவர் ஒரு பாடத்தில் தடுமாறினால் ஜி2க்கு இறங்கலாம். பி.ஜி. 2இல் தொடங்கியவர் ஆண்டிறுதி முடிவு நன்றாக இருந்தால் ஏறலாம். இரண்டையும் பள்ளிதான் முடிவு செய்கிறது. தாளில் பார்த்தால் இறங்குவது சுலபம், ஏறுவது கடினம். ஆகவே மேலே தொடங்கு என்பதுதான் வழக்கமான அறிவுரை. இதில் பாதி உண்மை. மறுபாதி, இறங்கும் முடிவு எப்போதும் தாமதமாகவே வருகிறது. 'இன்னும் ஒரு தவணை பார்ப்போம்' என்று வீடு சொல்லும், டியூஷன் நேரம் இரட்டிப்பாகும், உயர்நிலை 2 முடியும்போதுதான் எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். அதற்குள் நன்றாகப் போய்க்கொண்டிருந்த பாடமும் சரிந்திருக்கும்.

ஏறுவதற்கும் நல்ல காலம் ஒன்று உண்டு: உயர்நிலை 1இன் முடிவு. ஜி2, ஜி3 இரண்டிலும் முதல் ஆண்டுக் கணிதத்தின் அடிப்படை பெருமளவு பொதுவானது. விட்டுப்போனதை டிசம்பர் விடுமுறையில் பிடித்துவிடலாம். உயர்நிலை 3க்குப் போய் ஏறுவது அப்படியல்ல. பாடச் சேர்க்கை முடிவாகியிருக்கும், ஜி3 வகுப்பின் நேர அட்டவணை மற்றொரு பாடத்தோடு மோதும், விட்டுப்போன பகுதியும் நீண்டிருக்கும்.

இனி பள்ளி. பலருக்கு இதுவே தராசைச் சாய்க்கும்.

இடம் ஒதுக்குவது புள்ளி வரிசைப்படி. பி.ஜி. 3 வரிசையில் 21, 22 வாங்கியவர்கள் கடைசியில் நிற்பவர்கள். 20 வரை வாங்கிய எல்லோரும் உட்கார்ந்த பிறகு மிஞ்சியதுதான் இவர்களுக்கு. பி.ஜி. 2 வரிசையில் இதே 21, 22 முதலில் நிற்பவர்கள். பெரும்பாலான பள்ளிகளில் ஒவ்வொரு குரூப்புக்கும் தனித்தனி கட்-ஆஃப் (கடைசியாக இடம் கிடைத்தவரின் புள்ளி) உண்டு. பி.ஜி. 3க்கு 14இல் மூடிய பள்ளி பி.ஜி. 2க்கு 22இல் மூடியிருக்கலாம். அங்கே பி.ஜி. 3 வழியாக நுழைய 21க்கு வாய்ப்பே இல்லை, பி.ஜி. 2 வழியாகக் கதவு திறந்திருக்கிறது. வீட்டுக்குப் பத்து நிமிடத்தில் இருக்கும் பள்ளிக்கும், காலை ஆறு மணிக்கே எம்ஆர்டி ஏற வேண்டிய பள்ளிக்கும் இடையில் தேர்வு என்றால், நான்கு ஆண்டுத் தூக்கம் கணக்கில் வர வேண்டும். இணைப்பாட நடவடிக்கை உள்ள நாளில் பிள்ளை வீடு திரும்ப மாலை ஆறு, ஏழு ஆகும்.

படிவத்தில் ஆறு பள்ளிகள். தேர்ந்தெடுத்த குரூப் ஆறுக்கும் பொருந்தும். மூன்று பள்ளி இதில், மூன்று அதில் என்று கலக்க முடியாது. ஒரே புள்ளியில் பலர் கடைசி இடத்துக்குப் போட்டியிட்டால் முதலில் குடியுரிமை: குடிமக்கள், பிறகு நிரந்தரவாசிகள், பிறகு வெளிநாட்டு மாணவர்கள். அதன் பிறகு அந்தப் பள்ளியை எத்தனையாவது இடத்தில் எழுதினீர்கள் என்பது. கடைசியில் கணினிக் குலுக்கல். பி.ஜி. 3இல் 22 என்றால் இந்தச் சமநிலைப் போட்டி கிட்டத்தட்ட நிச்சயம். ஆகவே போன ஆண்டு 17இல் மூடிய பள்ளியை ஆசைக்காக முதல் இடத்தில் எழுதினால், 22இல் மூடும் பள்ளி இரண்டாமிடத்துக்குத் தள்ளப்படும். அதை முதலில் எழுதிய இன்னொரு 22 உங்களை முந்திவிடும். நிரந்தரவாசிக் குடும்பம் என்றால் கூடுதல் கவனம்: 22இல் பி.ஜி. 3 எடுப்பது ஆறு பள்ளியும் கிடைக்காமல் போகும் அபாயத்தை ஏற்றுக்கொள்வது. அப்படிப் போனால் காலியிடம் உள்ள ஒரு பள்ளிக்கு அனுப்புவார்கள். பி.ஜி. 2இல் அந்தக் கவலை மிகக் குறைவு.

பள்ளிகளின் திறந்த நாளில் கட்டடத்தையும் ரோபோவையும் காட்டுவார்கள். அங்கே கேட்க வேண்டியவை வேறு. பி.ஜி. 2 வழியாக வந்தவர்களில் எத்தனை பேர் இப்போது கணிதத்தை ஜி3இல் படிக்கிறார்கள்? உயர்நிலை 1 முடிவில் ஏறுவதற்கு எத்தனை மதிப்பெண் எதிர்பார்க்கிறீர்கள்? உயர்நிலை 3இல் ஜி2 பிள்ளைகளுக்குக் கூடுதல் கணிதமும் கணக்கியலும் கிடைக்குமா? நேரான பதில் வரும் பள்ளி, பி.ஜி. 2 பிள்ளைக்கு நல்ல பள்ளி.

தமிழுக்கென்று ஒரு கேள்வியும் சேர்த்துக் கேளுங்கள்: தமிழ் பள்ளியிலேயே நடக்கிறதா? தமிழ் மாணவர்கள் குறைவாக உள்ள பள்ளிகளிலிருந்து பிள்ளைகள் உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையத்துக்கோ வேறொரு பள்ளியில் இயங்கும் நிலையத்துக்கோ பிற்பகலில் போக வேண்டியிருக்கும். அந்த நாள் இணைப்பாட நடவடிக்கையோடு மோதினால் முதலில் அடிபடுவது தமிழ். ஜி3 தமிழை நம்பி பி.ஜி. 2 எடுக்கும் பிள்ளைக்கு இது சின்ன விஷயம் அல்ல.

25 வாங்கியவர்களுக்கும் இதே தர்க்கம் ஒரு படி கீழே வேலை செய்கிறது. 6, 6, 6, 7 என்றால், பி.ஜி. 1 வழியில் போனாலும் ஏஎல் 6 வாங்கிய மூன்றையும் ஜி2இல் எடுக்கலாம். பி.ஜி. 2இல் நான்கும் ஜி2. வித்தியாசம் அந்த ஒரு பாடமும் மானுடவியல் பாடங்களும்தான். அந்த ஏஎல் 7 எதில் என்று பாருங்கள். தமிழிலோ அறிவியலிலோ என்றால் பி.ஜி. 2 தாங்கும். ஆங்கிலத்தில் என்றால் அது 44 அல்லது அதற்கும் கீழே. ஜி1 ஆங்கிலத்தில் ஓராண்டு ஊன்றி நின்று, கணிதத்தையும் அறிவியலையும் ஜி2இல் படிப்பது பல பிள்ளைகளுக்குப் பொருந்தும். 5, 6, 7, 7 என்று வந்த 25க்கு நாங்கள் பி.ஜி. 1 பக்கமே சாய்வோம். ஏஎல் 5 பாடத்தை அங்கேயும் ஜி3இல் எடுக்கலாம்.

டிசம்பர் பிற்பகுதியில் பள்ளி தெரிந்துவிடும். பி.ஜி. 2 எடுத்தவர்கள் அங்கேயே நின்றுவிடக்கூடாது. ஏஎல் 5 பாடங்களை ஜி3இல் எடுக்கச் சம்மதமா என்று பள்ளி கேட்கும். ஜி3 தானாக வந்து சேராது, ஒப்புக்கொள்ள வேண்டும். 'முதலில் ஜி2இல் பழகட்டும்' என்று அதை விட்டுவிட்டால், மேலே 5, 5, 5, 6 பிள்ளைக்குப் போட்ட கணக்கு முழுவதும் அந்த ஒரு கையெழுத்தில் கலைந்துபோகும்.